1590 பி பெட்டி: மூடியைப் போட்டால் சத்தம் நிக்குது. போர்டுக்கு எதை வச்சு மறைக்கிறது?

புக்கிட்பாத்தோக்_பேஸ்

வணக்கம். 4558 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கற) ஐசி போட்ட ஓவர்டிரைவ், அதாவது கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கற கால் பெடல். வெரோபோர்டில் (செம்புத் தடம் போட்ட துளைப் பலகை) கட்டியது. பெட்டி 1590 பி, சின்ன அலுமினியப் பெட்டி. உள்ளே 16 மி.மீ. பாட் (குமிழ் மாட்டற பொட்டென்ஷியோமீட்டர்) மூணு, 3பிடிடி ஃபுட்சுவிட்ச் (கால் சுவிட்ச்) ஒண்ணு, திறந்த வகை ஜாக் ரெண்டு, பிளாஸ்டிக் டிசி ஜாக் ஒண்ணு. பேட்டரி கிடையாது, அடாப்டர் மட்டும்தான். போர்டை எதிலயும் பிடிக்கலை, ஒயர்லதான் தொங்குது. செம்புப் பக்கம் மூடியைப் பார்க்குது, சாமான்கள் பாட் முதுகைப் பார்க்குது.

மூடி இல்லாம எல்லாம் சரி. மூடி போட்டு நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினா எஃபெக்ட் சத்தம் நின்னுடுது. எல்இடி எரியுது. பைபாஸ்ல (எஃபெக்டைத் தாண்டிப் போறப்ப) கிட்டார் சத்தம் சுத்தமா வருது. மூடி உள்பக்கம் கருப்பு பிவிசி டேப் ரெண்டு வரிசை ஒட்டினேன். ரெண்டு நாள் ஓடுச்சு, மூணாம் நாள் பழையபடி.

கேட்க வேண்டியது மூணு:

பிவிசிக்குப் பதிலா காப்டான் டேப்பா, ஃபோமா, பிளாஸ்டிக் ஃபோல்டர் வெட்டி வைக்கலாமா? ஹாட் குளூ ஊத்தி போர்டை நிறுத்தலாமா? கன்ஃபார்மல் கோட்டிங் (போர்டு மேல அடிக்கற காப்புப் பூச்சு) அடிச்சிட்டா டேப்பே வேணாம்னு சொல்றாங்களே, உண்மையா?

---

ஈயமூக்கு

மூணுக்கும் முன்னால் ஒரு கணக்கு. இங்கே இருப்பது 9 வோல்ட். அதைத் தடுக்க ஒரு தாள் போதும். பிவிசி டேப்புக்கு 9 வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. அது தோற்றது மின்சாரத்திடம் அல்ல, ரெசிஸ்டர் காலின் கூர்முனையிடம். கட்டரால் சாய்வாக வெட்டிய கால் ஊசி மாதிரி நிற்கும். மூடியை முறுக்கும்போது அது டேப்பில் பதியும். பிவிசி மென்மையானது, அழுத்தம் விடாமல் இருந்தால் நாள் போகப்போக விலகிக் கொடுக்கும். அதனால்தான் முதல் நாள் போகாமல் மூணாம் நாள் போயிருக்கிறது. காப்டான் ஒட்டினாலும் இதே கதைதான். அதன் படலம் 25 மைக்ரான் அளவே இருக்கும். வெப்பத்துக்கு அது ராஜா, குத்துக்கு இல்லை. ஆகவே எதை ஒட்டுவது என்பது இரண்டாவது கேள்வி. ஏன் அழுந்துகிறது என்பதுதான் முதல் கேள்வி.

நீங்கள் சொன்ன அறிகுறியே பாதி வேலையை முடித்துவிட்டது. எல்இடி எரிகிறது என்றால் 9 வோல்ட் வரி மூடியில் படவில்லை. பட்டிருந்தால் எல்இடியும் அணைந்து, அதே அடாப்டரில் தொங்கும் மற்ற பெடல்களும் அணைந்திருக்கும். பைபாஸ் நன்றாக இருக்கிறது என்றால் ஜாக்கின் டிப் காதுகள் (சிக்னல் ஒயரைச் சால்டர் செய்யும் தகடுகள்) மூடியில் படவில்லை. மிச்சம் போர்டுக்குள் ஓடும் சிக்னல் வழி, அல்லது 4.5 வோல்ட் பயாஸ் புள்ளி, அதாவது ஆப்-ஆம்ப் நடுநிலையாக எடுத்துக்கொள்ளும் பாதி வோல்ட். பெட்டியும் மூடியும் கிரவுண்ட். பயாஸ் புள்ளி அதில் பட்டால் ஆப்-ஆம்ப் பாதி வோல்ட்டில் நிற்க முடியாமல் தரைக்குப் போய்விடும். சத்தம் அடியோடு நிற்கலாம், இல்லையென்றால் பலமாக அடிக்கும்போது மட்டும் கிழிசலாகக் கொஞ்சம் கசியலாம்.

இடத்தைக் கண்டுபிடிக்க வழி இது. அடாப்டரைக் கழற்றுங்கள். மூடியில் இருக்கும் டேப்பை முழுக்க உரியுங்கள். உரித்த டேப்பைத் தூக்கிப் போடாமல் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், குத்திய இடத்தில் ஒளிப்புள்ளி தெரியும். பிறகு வெள்ளைப் பலகை மார்க்கரால் செம்புப் பக்கத்துக் கால் முனைகளை எல்லாம் தடவி, மை காய்வதற்குள் மூடியைப் போட்டு நாலு ஸ்க்ரூவையும் முறுக்கித் திறங்கள். மூடியில் பதிந்த புள்ளிகள்தான் குற்றவாளிகள். மூடியைப் புரட்டும்போது இடம் வலம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ஐசி இருக்கும் மூலையில் முதலிலேயே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எவ்வளவு இடம் மிச்சம் என்று அளக்க வேண்டும். பயறு அளவு புளூ டாக் (சுவரில் தாள் ஒட்டும் பிசின்) உருண்டைகளைப் போர்டின் நான்கு மூலையிலும் நடுவிலும், கால் முனைகளின் மேல் வையுங்கள். மூடிப் பக்கம் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டால் உருண்டை அங்கே ஒட்டாது. மூடி, முறுக்கி, திறந்து, நசுங்கிய உருண்டையின் தடிமனைக் காலிப்பரில் அளந்து இங்கே போடுங்கள். 1 மி.மீ.க்குக் குறைவாக வந்தால் எந்தப் பொருளும் நிரந்தரத் தீர்வு ஆகாது. போர்டை இறக்கியே ஆக வேண்டும்.

---

அரைமில்லி

ஈயமூக்கு சொன்னதை ஒப்புக்கொண்டு, பொருள் பற்றி மட்டும் எழுதுகிறேன். தவறான பொருளை வைத்துவிட்டு சர்க்யூட்டில் பிழை தேடுபவர்கள் அதிகம்.

மலிவானதும் போதுமானதும்: எழுதுபொருள் கடையில் விற்கும் ஒளி ஊடுருவும் பாலிப்ரொப்பிலீன் ஃபோல்டர். பாப்புலர் புத்தகக் கடையில் எந்தக் கிளையிலும் இருக்கும். 0.2 மி.மீ. அளவு தடிமன் வரும். இரண்டு அடுக்காக வைத்தால் முனை மழுங்கிய கால் அதைத் துளைக்காது, ஈரத்தையும் அது உறிஞ்சாது. ஒரே குறை, பசை இதன்மேல் சரியாகப் பிடிக்காது. ஆகவே ஒட்டாதீர்கள். மூடியின் உள்விளிம்புக்குள் சரியாக அடங்கும்படி வெட்டி, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ தூணுக்காக ஒரு வெட்டு கொடுத்து, சும்மா வைத்துவிடுங்கள். மூடியே அதைப் பிடித்துக்கொள்ளும்.

அதைவிட ஒரு படி மேல் ஃபிஷ் பேப்பர். பேட்டரி கட்டுபவர்கள் பயன்படுத்தும் கெட்டிக் காகிதம்தான், பசை ஒட்டியே வருகிறது. குத்து தாங்கும், மடித்தால் கோடு நிற்கும். ஆனால் அடிப்படையில் அது நார், ஈரம் இழுக்கும். ஏர்கான் ஓடும் அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் பெட்டி வியர்க்கிற ஊரில் நான் ஃபோல்டர் பிளாஸ்டிக்கையே எடுப்பேன். சாதா அட்டை வேண்டவே வேண்டாம். ஈரம் ஏறிய அட்டை முழு ஷார்ட் ஆகாது, மெகா ஓம் கணக்கில் கசியும். இன்புட்டில் 1 மெகா ஓம் வைத்த சர்க்யூட்டில் அது சத்தத்தை மங்கலாக்கும், உங்களுக்குக் காரணமே புலப்படாது.

இனி, பார்க்க இன்சுலேட்டர் மாதிரி இருந்து ஏமாற்றுபவை.

ஐசி குத்தி வரும் கருப்பு ஃபோம். மின்சாரம் கடத்துவதற்காகவே செய்தது அது. மல்டிமீட்டர் முனைகள் இரண்டையும் அதில் குத்திப் பாருங்கள், கிலோ ஓமில் காட்டும். கையில் சும்மா கிடக்கிறதே, அளவும் சரியாக இருக்கிறதே என்று போர்டின் அடியில் திணித்தால் சர்க்யூட் முழுக்க நூறு இடத்தில் ரெசிஸ்டர் போட்ட மாதிரி. வெள்ளி நிற ஆன்டி-ஸ்டாட்டிக் பையும் உலோகப் படலம் கொண்டது, ஆகாது.

பாக்கெட் பானங்களின் அட்டை. ஃபிரிஜ்ஜுக்கு வெளியே மாதக்கணக்கில் இருக்கும் பானம் என்றால் உள்ளே அலுமினியப் படலம் உண்டு. மேலே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் மீட்டர் வைத்தால் ஒன்றும் காட்டாது. ஒரு கால் குத்தினால் போதும், மூடியோடு மூடியாக அதுவும் சேர்ந்துகொள்ளும்.

பாலியூரித்தேன் ஃபோம். இங்கே அலமாரியில் வைத்த ஷூவின் அடிப்பாகம் தானாகப் பொடிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தால் பாலியூரித்தேன் சிதைவதுதான் அது. ஃபோமிலும் அதே கதி. சில வருடத்தில் ஒட்டும் மாவாகிப் போர்டு முழுக்க அப்பிக்கொள்ளும். ஃபோம் வேண்டுமானால் ஈவிஏ வாங்குங்கள், 2 மி.மீ. தாள்.

சிலிக்கோன் பூசுவதானால் மோந்து பாருங்கள். புளிக்காடி நெடி அடித்தால் அது இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை, செம்பு பச்சை பூக்கும். டியூபில் நியூட்ரல் என்று எழுதியதை மட்டும் எடுக்கலாம்.

---

தேக்கா_தந்தி

ஹாட் குளூ பத்தி யாரும் சொல்லலையே. நான் வேணாம்பேன். வழவழப்பான அலுமினியத்துல அது பிடிக்காது, பெட்டி சூடானா இளகும், ஆறினா அப்படியே பத்தையா கழண்டு வந்துடும். வெயில்ல நிறுத்தின லாரியில கியர் பேக் இருந்தா போதும். அப்புறம் ரிப்பேருக்குப் போர்டைத் தூக்கணும்னா ஒயரோட பிய்ச்சுக்கிட்டு வரும். ஒயர் அடியில ஆடாம இருக்க ஒரு சொட்டு வைக்கிறது வேற விஷயம், அது சரி.

எல்லாரும் மூடியையே பார்க்கிறீங்க. 1590 பில மூடியைவிட ஜாக்தான் மோசம் லா. திறந்த ஜாக்ல பிளக் இல்லாதப்ப டிப் தகடு உள்ளே ஒடுங்கி இருக்கும். பிளக் சொருகினா அதே தகடு வெளிப்பக்கம் தள்ளப்படும், ஓரிரண்டு மி.மீ. நகரும். பிளக் இல்லாம மூடியைப் போட்டுப் பார்த்து இடம் இருக்குன்னு நினைச்சா ஏமாந்துடுவோம். எந்தச் சோதனையா இருந்தாலும் ரெண்டு ஜாக்லயும் பிளக் சொருகிட்டுத்தான் பண்ணணும்.

டிப் காது மூடியையும் பார்க்கக் கூடாது, போர்டையும் பார்க்கக் கூடாது, பக்கச் சுவரையோ பெட்டியோட நடுவையோ பார்க்கற மாதிரி ஜாக்கைத் திருப்பி முறுக்கணும். உள்பக்கம் பல் வாஷர் போடுங்க. அது இல்லாட்டி கேபிளை இழுக்க இழுக்க நட் தளரும், ஜாக் சுத்தும், காது போய் எங்கேயாவது உக்காரும். ஆறு மாசம் கழிச்சு 'திடீர்னு' பைபாஸ்லயும் சத்தம் இல்லைன்னு வர்ற பெட்டிகள்ல முதல்ல நான் பார்க்கிறது இதைத்தான்.

இன்னொண்ணு, இன்சுலேஷன் பண்றேன்னு பெட்டி உள்சுவர் முழுக்க டேப் ஒட்டி, ஜாக் ஓட்டையைச் சுத்தியும் ஒட்டிடாதீங்க. பெட்டிக்கு கிரவுண்ட் கிடைக்கிறதே ஜாக்கோட கழுத்து அலுமினியத்துல படறதாலதான். அது விட்டுப்போனா பெட்டி அந்தரத்துல நிக்கும், கவசமா இருந்தது ஆன்டெனா ஆயிடும், கையை வச்சா உர்ருனு சத்தம் மாறும். மூடிய பிளாஸ்டிக் ஜாக் போட்ட பெட்டிக்கு இந்த கிரவுண்ட் தானா வராது, பாட் முதுகுலயோ ஒரு சால்டர் டேக்லயோ ஒயர் கொடுக்கணும். பாட் முதுகுல சால்டர் வைக்கிறதானா மேல்பூச்சைச் சுரண்டிட்டு சட்டுனு வச்சு எடுங்க, நேரம் எடுத்தா உள்ளே கார்பன் தடம் வெந்துடும்.

---

புக்கிட்பாத்தோக்_பேஸ்

எல்லாம் செஞ்சு பார்த்தேன். பழைய டேப்ல ரெண்டு ஒளிப்புள்ளி. மார்க்கர் மைல மூணு புள்ளி விழுந்துச்சு, மூணும் ஃபுட்சுவிட்ச் பக்கத்து ஓரம். ஒண்ணு வெறும் கிரவுண்ட் கால், அதனால பாதகம் இல்லை. இன்னொண்ணு டோன் பாட்டுக்குப் போற ஒயர். மூணாவது, 47 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரோட பிளஸ் கால். பயாஸ் புள்ளி அதுதான், ஈயமூக்கு சொன்ன மாதிரியே.

புளூ டாக் அளவு: பாட் பக்கம் ரெண்டு மூலையில 2.6, 2.4. நடுவுல 1.5. ஃபுட்சுவிட்ச் பக்கம் ரெண்டு மூலையிலும் 0.4தான். அதாவது போர்டு சாய்ஞ்சு நிக்குது.

கால் முனைகள் செம்புக்கு மேல 2.5 முதல் 3 மி.மீ. வரை நிக்குது. பிளக் சொருகித்தான் அளந்தேன். ஜாக் காது எங்கேயும் படலை.

---

ஈயமூக்கு

அந்த 47 மைக்ரோஃபாரட்டை நிற்க வைத்துத்தானே சால்டர் செய்திருக்கிறீர்கள்? சாய்வுக்குக் காரணம் அதுதான். நடுப் பாட்டின் முதுகில் அது தலை முட்டி, போர்டின் அந்த ஓரத்தை மூடிப் பக்கம் தூக்கிவிடுகிறது.

கூட்டிப் பாருங்கள். 1590 பியின் வெளி உயரம் 31 மி.மீ. மேல்தகடும் மூடியும் போக உள்ளே 27 அளவில் மிஞ்சும். 16 மி.மீ. பாட்டின் உடல் தகட்டிலிருந்து கீழே சுமார் 10 இறங்கும், மிச்சம் 17. நிற்கும் கப்பாசிட்டர் 11. போர்டு 1.6. செம்புப் பக்கம் கால் 3. மொத்தம் 15.6. கையில் 1.4 இருக்கிற மாதிரித் தோன்றும். ஆனால் மூடியின் ஓரத்தில் உள்ளே இறங்கும் உதடு ஒன்று சுற்றி ஓடுகிறது. ஓரத்தில் அந்த அளவு குறையும். போர்டு கொஞ்சம் சாய்ந்தாலும் தூக்கிய ஓரம் போய் அதில் முட்டும். 0.4 அங்கிருந்துதான் வந்தது.

கப்பாசிட்டரைக் கழற்றிப் படுக்க வையுங்கள். அதன் விட்டம் 6.3 மி.மீ., ஆக 11 என்பது 6.3 ஆகிவிடும். ஒரே கப்பாசிட்டரில் 4.7 மி.மீ. கிடைக்கிறது. உலகத்தில் உள்ள எல்லா டேப்பையும் அடுக்கினாலும் இந்த இடம் வராது. காலை உடலை ஒட்டி மடிக்காதீர்கள். 2 மி.மீ. விட்டு மூக்குத் தட்டையான இடுக்கியால் காலைப் பிடித்துக்கொண்டு மடியுங்கள், இல்லையென்றால் அடி ரப்பர் சீல் இழுபடும். நிற்கும் கப்பாசிட்டர் வேறு இருந்தால் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். பெட்டி வடிவ ஃபிலிம் கப்பாசிட்டர்கள் 7 மி.மீ. அளவில்தான் நிற்கும், அவற்றை விட்டுவிடலாம்.

படுக்க வைக்கும்போது ஒரு கவனம். எலக்ட்ரோலிட்டிக்கின் பிளாஸ்டிக் உறை பக்கங்களை மட்டும்தான் மூடும். வெட்டுக் கோடு போட்ட தலை வெறும் அலுமினியம். அந்த டப்பா உள்ளே இருக்கும் திரவம் வழியாக மைனஸ் முனையோடு தொடர்பில் இருக்கும். பயாஸ் கப்பாசிட்டரில் மைனஸ் என்றால் கிரவுண்ட், எதில் பட்டாலும் கவலை இல்லை. ஆனால் சிக்னல் வழியில் போட்ட எலக்ட்ரோலிட்டிக்கின் தலை பாட் முதுகில் உரசினால் சிக்னல் கிரவுண்டுக்குப் போய்விடும். உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்களிலும் இதே தொல்லை உண்டு. பிசி108இல் தொப்பியே கலெக்டர். ஃபஸ் பெடல் கட்டுபவர்கள் அதன்மேல் ஒரு ஹீட்ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை) துண்டு போடாமல் மூடியை முறுக்கக் கூடாது.

பிறகு கால்கள். செம்புக்கு மேல் 1 மி.மீ. விட்டு ஃப்ளஷ் கட்டரால் நறுக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், துண்டு கண்ணுக்குப் பறக்கும். ஈயக் குவியலுக்குள் கட்டர் இறங்கக் கூடாது, இறங்கினால் இணைப்பில் விரிசல் விழும். நறுக்கியபின் ஒவ்வொரு முனையிலும் சால்டரிங் இரும்பை ஒரு நொடி வைத்து ஈயத்தை மறுபடி உருக்குங்கள். கூர்முனையை ஈயம் மூடி மொட்டாகும். குத்துகிற ஊசி தடவுகிற உருண்டை ஆகிவிடும். அதற்குப் பிறகு அரைமில்லி சொன்ன ஃபோல்டர் தாள் ஒற்றை அடுக்கே வருடக்கணக்கில் தாங்கும்.

வெரோபோர்டு என்பதால் இன்னொன்று. தடம் வெட்டிய குழிகளில் செம்புச் சிலும்பு நிற்கிறதா என்று கத்தி முனையால் கோடிழுத்துப் பாருங்கள். பறந்த கால் துண்டும் அங்கேதான் போய் மாட்டும். பழைய பல் பிரஷ்ஷில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் தேய்த்துவிட்டால் தடங்களின் இடுக்கு சுத்தமாகும்.

---

அரைமில்லி

கன்ஃபார்மல் கோட்டிங் கேள்வி மிச்சம் இருக்கிறது. அது ஈரத்துக்கான பூச்சு, மோதலுக்கானது இல்லை. அக்ரிலிக் ஸ்பிரே சில பத்து மைக்ரான்தான் படியும். அதிலும் கூர்முனையில் திரவம் நிற்காது, வழிந்து அடிவாரத்தில் சேரும். அதாவது நமக்கு எங்கே தடிமன் வேண்டுமோ அங்கேதான் மிக மெல்லியதாக இருக்கும். அதை நம்பி மூடியை முறுக்கக் கூடாது. அடித்தால் நல்லதுதான், ஆனால் முதலில் சால்டர் செய்தபின் தங்கிய ஃப்ளக்ஸ் பிசினைக் கழுவிக் காயவைத்து, ஐசி சாக்கெட், டிரிம்மர், பாட், சுவிட்ச் எல்லாவற்றையும் டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள். பாட்டுக்குள் ஒரு துளி இறங்கினால் கரகரப்புக்கு மருந்தே கிடையாது. அதுபோக, பின்னால் ஒரு ரெசிஸ்டரை மாற்ற நினைத்தால் பூச்சோடு மல்லுக்கட்ட வேண்டும். ஓவர்டிரைவுக்கு நான் அடிக்க மாட்டேன்.

பாட் முதுகு பற்றி: 16 மி.மீ. பாட்டின் உலோக முதுகு பெட்டியோடு சேர்ந்தது, ஆகவே அது கிரவுண்ட். அதற்கென்றே பிளாஸ்டிக் தொப்பி விற்கிறார்கள், பின்னாலிருந்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும். சிங்கப்பூர் சிம் லிம் டவர் பக்கம் போனால் பாட் விற்கும் கடைகளில் கேளுங்கள். இல்லையென்றால் ஃபோல்டரில் 17 மி.மீ. வட்டம் வெட்டி இருபக்க டேப்பில் ஒட்டுங்கள். பாட் முதுகு உலோகம், டேப் பிடிக்கும். ஃபோல்டர் பக்கம் மட்டும் உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்துக்கொள்ளுங்கள். அங்கே அது விழுந்தால்கூடப் பரவாயில்லை, போர்டு அதைத் தாங்கி நிற்கும்.

---

தேக்கா_தந்தி

பாட்டைக் கழட்டறப்ப பக்கத்துல துருத்திக்கிட்டு ஒரு குட்டித் தகடு இருக்கா பாருங்க, பாட் சுத்தாம இருக்கக் கொடுத்த காது அது. அதுக்குத் தனி ஓட்டை போடாம முறுக்கினா பாட் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். போர்டு சாயறதுக்கு அதுவும் ஒரு காரணம். இடுக்கியால ரெண்டு ஆட்டு ஆட்டினா ஒடிஞ்சு வந்துடும். ஒடிக்கறதா இருந்தா நட்டுக்கு அடியில வாஷரை விட்டுடாதீங்க.

போர்டைத் தொங்க விடாதீங்க. இதுதான் முக்கியம். எவ்வளவு தாள் வச்சாலும் காலால மிதிக்கிற பெட்டியில தொங்கற போர்டு ஒருநாள் எங்கேயாவது போய் முட்டும். பாட்டுக்கும் போர்டுக்கும் நடுவுல 2 மி.மீ. ஈவிஏ, இருபக்க ஃபோம் டேப்பு ரெண்டு துண்டு, அவ்வளவுதான். 1 மி.மீ. தடிமன்ல வர்ற அக்ரிலிக் ஃபோம் டேப் நல்லா பிடிக்கும். பிடிக்கிற இடத்தை ஆல்கஹால்ல துடைச்சிட்டு, பத்து விநாடி அழுத்திப் பிடிச்சு, ஒருநாள் விட்டுடுங்க. நைலான் எம்3 ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கற குட்டித் தூண்) இந்தப் பெட்டிக்கு உயரம் ஜாஸ்தி, இதைவிட உயரமான 125 பி பெட்டிக்குத்தான் அது லாயக்கு.

ஒயரையும் கவனிங்க. ஸ்க்ரூ தூணுக்கும் மூடி உதட்டுக்கும் நடுவுல ஒயர் மாட்டிக்கிட்டா முறுக்கறப்ப பிவிசி தோலை அந்த விளிம்பு கத்தி மாதிரி வெட்டிடும். உங்க ரெண்டாவது புள்ளி டோன் பாட் ஒயர்னு சொன்னீங்களே, அது கால் குத்துனதா, தோல் கிழிஞ்சதா? பாருங்க. 26 நம்பர் ஒயருக்கு மேல தடிமன் வேண்டாம், நீளத்தையும் அளந்து வெட்டுங்க.

---

புக்கிட்பாத்தோக்_பேஸ்

தோல் கிழிஞ்சதுதான் அண்ணே. தூண் பக்கத்துல அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு செம்பு தெரிஞ்சது. அந்த ஒயரையே மாத்திட்டேன், 4 செ.மீ. குறைச்சு.

கப்பாசிட்டர் மூணையும் படுக்க வச்சாச்சு. கால் எல்லாம் 1 மி.மீ., முனை உருக்கி மொட்டாக்கிட்டேன். பாட் முதுகுல ஃபோல்டர் வட்டம், நடுவுல 2 மி.மீ. ஈவிஏ, ஃபோம் டேப் ரெண்டு துண்டு. மூடியில ஃபோல்டர் தாள் ஒரு அடுக்கு, ஒட்டலை. பாட் காது ரெண்டுல ஒடிச்சேன், மூணாவதுல ஏற்கனவே இல்லை.

இப்ப புளூ டாக் அளவு நாலு மூலையிலும் 4.1லிருந்து 4.4க்குள்ள.

மூடி போட்டபிறகு உள்ளே எதுவும் படலைன்னு உறுதிப்படுத்த வழி இருக்கா? வாசிச்சுப் பார்க்கிறதைத் தவிர?

இன்னொரு கேள்வி. அடுத்தது இதைவிடச் சின்னப் பெட்டியான 1590 ஏ, அதுல 9 வோல்ட்டை 18 ஆக்கற சார்ஜ் பம்ப் குட்டிப் போர்டு ஒண்ணு இருக்கு. அதை எப்படி மறைக்கிறது?

---

ஈயமூக்கு

4 மி.மீ. என்றால் வசதியான பெட்டி ஆகிவிட்டது.

சோதனை: அடாப்டர் வேண்டாம். இன்புட் ஜாக்கில் ஒரு கேபிளைச் சொருகி, அதன் மறுமுனையில் டிப்புக்கும் (நுனி) ஸ்லீவுக்கும் (கிரவுண்ட் தண்டு) இடையே மல்டிமீட்டரை ஓம் வரம்பில் வையுங்கள். ஃபுட்சுவிட்சை எஃபெக்ட் பக்கம் மிதித்தால் உங்கள் இன்புட் புல்-டவுன் ரெசிஸ்டரின் (இன்புட்டைக் கிரவுண்டோடு இணைப்பது) மதிப்பு வர வேண்டும், 1 மெகா ஓம் போட்டிருந்தால் அதற்கு அருகில். அவுட்புட் பக்கம் வால்யூம் பாட்டின் மதிப்பு வரும். 100 கிலோ ஓம் பாட் என்றால், குமிழைச் சுற்றச்சுற்ற பூஜ்யத்திலிருந்து 100 கிலோ வரை ஏற வேண்டும். அடுத்து டிசி ஜாக்கில் பிளஸ், மைனஸ் இடையே. கப்பாசிட்டர் நிரம்பும்வரை எண் ஏறிக்கொண்டே போய் ஆயிரக்கணக்கான ஓமில் நிற்கும். இந்த மூன்றையும் மூடி இல்லாமல் ஒருமுறை எடுத்து எழுதி வைத்துக்கொண்டு, மூடியின் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முறுக்கும்போது மீட்டரைப் பாருங்கள். எந்த ஸ்க்ரூவில் எண் சட்டென விழுகிறதோ அந்த மூலையில்தான் தொடுகிறது. கடைசியில் மூடியை உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, முறுக்கிப் பாருங்கள். மிதி வாங்கும் பெட்டி அல்லவா. பயாஸ் புள்ளி மட்டும் இந்தச் சோதனையில் வெளியே தெரியாது. அதற்கு மார்க்கர் மைதான்.

சார்ஜ் பம்ப் போர்டுக்கு ஹீட்ஷ்ரிங்க். போர்டை ஒயர் எல்லாம் சால்டர் செய்து, தனியாக மின்சாரம் கொடுத்து 18க்குக் கொஞ்சம் கீழே வருகிறதா என்று பார்த்தபிறகு மட்டும் உறையைப் போடுங்கள். போட்டபின் அளக்க முடியாது. ஒளி ஊடுருவும் 2:1 பாலியோலிஃபின் உறையில், தட்டையாக அமுக்கினால் போர்டு நுழைகிற அகலத்தை எடுங்கள். இரு பக்கமும் 5 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சுருக்குங்கள். லைட்டரால் சுட்டால் ஒரு ஓரம் கருகும், மறு ஓரம் சுருங்கியே இருக்காது. உள்ளே பூசப்பட்ட பசை வகை வேண்டாம், பின்னால் பிரிக்க நேர்ந்தால் கை நொந்துவிடும்.

அந்தப் பெட்டியில் 9 வோல்ட்டுக்குமேல் எந்த அடாப்டரும் சொருகாதீர்கள். சார்ஜ் பம்ப் ஐசியான டிசி1044எஸ் 12 வோல்ட் வரைக்கும்தான். எந்த டேப்பும் அதைக் காப்பாற்றாது.

---

தேக்கா_தந்தி

1590 ஏக்கு டிசி ஜாக் வாங்கறப்ப உலோகக் கழுத்து வச்சதை எடுத்துடாதீங்க, சின்னதா இருக்கேன்னு பலர் எடுப்பாங்க. பெடல் அடாப்டர்ல நடு மைனஸ், வெளி பிளஸ். உலோக ஜாக்ல வெளி வளையமும் கழுத்தும் ஒண்ணு. பெட்டியில முறுக்கின உடனே பெட்டியே பிளஸ் 9 ஆயிடும், ஆடியோ ஜாக் வழியா கிரவுண்டோட சேர்ந்து நேரா ஷார்ட். பிளாஸ்டிக் உடம்பு உள்ளதுதான் வேணும்.

அந்தப் பெட்டியில 16 மி.மீ. பாட் வேணாம், 9 மி.மீ. போடுங்க. ரெண்டு ஜாக்கும் நேருக்கு நேர் வந்தா பிளக் நுனி ரெண்டும் உள்ளே முட்டிக்கும், ஒண்ணை மேலே ஒண்ணைக் கீழே தள்ளி ஓட்டை போடுங்க. துளைக்கிறதுக்கு முன்னால ரெண்டு கேபிளை மூடி மேல வச்சு அளந்து பார்த்துடுங்க.

---

புக்கிட்பாத்தோக்_பேஸ்

இன்புட் 1.01 மெகா, அவுட்புட் 0 முதல் 97 கிலோ, டிசி பக்கம் ஏறி 14 கிலோவில் நின்னது. நாலு ஸ்க்ரூவும் முறுக்கி அழுத்தியும் எண் அசையலை. மார்க்கர் மையும் மூடியில ஒண்ணும் விழலை. எல்லாருக்கும் நன்றி. 1590 ஏக்கு ஓட்டை வரைபடம் போட்டதும் புது இழையில வர்றேன்.